பட்டுப்புடவை, பெரிய பொட்டு, கட்டைக்குரல்... ஓயாத உஷா உதுப்!

டி.வி-யோ ரீல்ஸோ, உஷா உதுப் வந்தால் ஸ்க்ரோல் செய்யும் விரல் நின்றுவிடும். மைலி சைரஸின் 'ஃப்ளவர்ஸ்' பாடலை கொல்கத்தாவில் அவர் பாடிய வீடியோ வைரலானதே, பார்த்தீர்களா?

மும்பையில் தமிழ்க் குடும்பத்தில் 1947-ல் பிறந்தவர். குரல் சரிப்படாது என்று பள்ளியில் பாட்டு வகுப்பிலிருந்தே ஒதுக்கப்பட்டார். 1969-ல் சென்னை 'நைன் ஜெம்ஸ்' கிளப்பில், புடவையோடு மேடையேறினார். நைட் கிளப்பில் புடவை!

கைதட்டல் மட்டுமே கிடைக்கவில்லை. எண்பதுகளில் மேற்கு வங்க அமைச்சர் ஒருவர், சீரழிவுக் கலாசாரம் என்று சொல்லி, அரசு அரங்குகளில் அவர் பாடத் தடை போட்டார். உஷா கோர்ட்டுக்குப் போனார், ஜெயித்தார். இன்று 'க்யூட் பாட்டி' என ஹார்ட் போடுகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

2024-ல் பத்மபூஷண். மேடையில் அதே காஞ்சிப்பட்டு. காலில்? பட்டுத்துணி வைத்துத் தைத்த ஸ்னீக்கர்ஸ்!