எடைக்கேற்ற சுருள்வில்

மாமாவின் மோட்டார் சைக்கிளில் சென்றபோது, ஒருநாள் சிறு பள்ளத்தில் பின்சக்கரம் துள்ளியதால் சாலையில் விழுந்தேன். காரணத்தை ஆராய்ந்தேன். 90 கிலோ எடையுள்ள மாமா, மாமியையும் ஏற்றிச் செல்வதற்காகப் பின்புற ஷாக் அப்சார்பர்களைக் கடைசிப் படியில் இறுக்கி வைத்திருந்தார். என் எடையோ 52 கிலோ!

விசைக்கு ஏற்பச் சுருள்வில் நீளும் அல்லது அமுங்கும் என்பது 1678-இல் இராபர்ட் ஹூக் விளக்கிய விதி. ஓட்டுபவர் அமர்ந்ததும் வில் ஓரளவு அமுங்கியிருந்தால்தான், பள்ளம் வரும்போது சக்கரம் கீழிறங்கித் தரையைப் பற்றும். மிகுதியாக அமுங்கிவிட்டாலோ, மேட்டில் ஏறும்போது வில்லுக்கு இடமிராது. அடி முதுகெலும்பில் விழும்.

இதை அளப்பது எளிது. சென்டர் ஸ்டாண்டில் பின்சக்கரம் தரையைத் தொடாமல் தொங்கும்போது, அச்சிலிருந்து நேர்மேலே இருக்கைச் சட்டம் வரையுள்ள தூரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். பின்னர் வண்டியைத் தரையில் இறக்கி, நண்பர் ஒருவர் பிடித்துக்கொள்ள, நாம் அமர்ந்தபின் மீண்டும் அளக்க வேண்டும். சக்கரத்தின் முழு அசைவு 100 மில்லிமீட்டரானால், வேறுபாடு ஏறத்தாழ 25 முதல் 33 வரை இருக்கலாம். குறைந்தால் தளர்த்துக, மிகுந்தால் இறுக்குக. இருபுறமும் ஒரே படியில் இருத்தல் அவசியம்.

இறுக்குவதால் வில்லின் கடினத்தன்மை மாறுவதில்லை. வண்டியின் உயரமே கூடுகிறது. எந்தப் படியிலும் அளவு சரிவராவிடில் வில்லையே மாற்ற வேண்டும்.

என் அளவு 11 மில்லிமீட்டராக இருந்தது. மூன்று படிகள் தளர்த்தியபின் 26 ஆயிற்று. அதே பள்ளத்தை இப்போது அச்சமின்றிக் கடக்கிறேன். அம்மாவை ஏற்றிச் செல்லும் நாளில் மட்டும், மறவாமல் அளந்து இறுக்கிக்கொள்கிறேன்.