குற்றாலம்: தண்ணியை நம்பி ஒரு ஊர்

சுரங்க ஊர்னு சொன்னா நமக்கு முதல்ல ஞாபகம் வர்றது கோலார் தங்கவயல். தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையா அங்க மண்ணுக்கடியில வேலை பாத்தாங்க. 2001 பிப்ரவரி 28ல சுரங்கத்தை மூடினாங்க. அதுக்கப்புறம் நிறைய பேர் தினமும் ரயில் ஏறி பெங்களூர் போய்தான் பிழைச்சாங்க. ஒரே பொருளை நம்புற ஊருக்கு இந்த ஆபத்து எப்பவும் உண்டு.

தென்காசி பக்கத்துல இருக்குற குற்றாலமும் அப்படி ஒரு ஊர்தான். இங்க தங்கத்துக்குப் பதிலா தண்ணி.

இது எப்படி நடக்குது? ஜூன்ல கேரளாவுல தென்மேற்குப் பருவமழை ஆரம்பிச்சதும், செங்கோட்டைக்கு மேற்கே இருக்குற ஆரியங்காவுக் கணவாய் வழியா ஈரக்காத்து இந்தப் பக்கம் நுழையும். அதுதான் சாரல். மலைக்காட்டுல பெய்ற மழை சிற்றாறா இறங்கி, தேனருவி, செண்பகாதேவி அருவியைத் தாண்டி பேரருவியா விழுது. நடுவுல பொங்குமாங்கடல்ங்கிற பாறைப் பள்ளத்துல விழுந்து வேகம் குறையுறதாலதான் நாம அடியில நின்னு குளிக்க முடியுது.

லாட்ஜ், ஆட்டோ, எண்ணெய் மசாஜ், மங்குஸ்தான் பழக்கடை எல்லாமே இந்த மூணு மாச சீசனை நம்பித்தான். சீசன் பொய்த்தா அந்த வருஷ வருமானமே போச்சு.

வேற வழியும் இல்லாம இல்லை. 2011ல மத்தளம்பாறையில ஜோஹோ வந்துச்சு. மழையை எதிர்பார்க்காத சம்பளம் அது. ஆனா பழக்கடைக்காரர் அங்க போய் கோடு எழுத முடியாதே! அவருக்கு அருவிதான் எல்லாம்.

சுரங்கத்துல தங்கம் எடுக்க எடுக்கக் குறையும். அருவி அப்படி இல்ல. காடும் நீரோட்டமும் இருக்குற வரைக்கும் வருஷா வருஷம் வரும். அதுலயும் கைவச்சாங்க. தனியார் விடுதிகள் செயற்கை அருவிக்காக இயற்கை நீரோட்டத்தைத் திருப்புறதா வழக்கு வந்து, 2022ல உயர்நீதிமன்ற மதுரைக் கிளை நடவடிக்கை எடுக்க உத்தரவு போட்டுச்சு.

நீங்க போறதா இருந்தா வார நாள்ல காலையிலேயே போயிருங்க. குளிச்சிட்டு சித்திர சபை ஓவியங்கள், தென்காசி காசி விஸ்வநாதர் கோயில் கோபுரம், அப்புறம் பார்டர் கடை புரோட்டா. சோப்பு, ஷாம்பூ வேண்டாம், அருவியில அதுக்குத் தடை இருக்கு.

முக்கியமா ஒண்ணு. கீழ வெயில் அடிச்சாலும் மலை மேல மழை பெய்யலாம். 2024 மே மாசம் பழைய குற்றாலத்துல திடீர் வெள்ளம் வந்து 17 வயசுப் பையன் ஒருத்தன் இறந்துட்டான். போலீஸ் விசில் அடிச்சா, தலையில சோப்பு நுரை இருந்தாலும் சரி, எண்ணெய் இருந்தாலும் சரி, உடனே வெளிய வந்துருங்க.