லீவு லெட்டரும் நடு நாற்காலியும்

ஆனி மாதம். காரைக்காலில் மாங்கனித் திருவிழா. பிச்சாண்டவர் வீதியுலா வர, வீட்டு மாடிகளிலிருந்து மாம்பழங்களை வீசுவார்கள். கீழே அதைப் பிடிக்க ஆயிரம் கைகள் நீளும். அந்த வாரம் ஊரில் ரொம்பக் கஷ்டப்படுகிறவர் யார் தெரியுமா? ஏதோ ஒரு ஆபீஸில் லீவு லெட்டர்களைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் சூப்பர்வைசர்தான்.

எட்டுப் பேர் உள்ள செக்‌ஷனில் ஆறு பேர் லீவு கேட்கிறார்கள். மேலதிகாரியோ, ‘வேலை நிற்கக் கூடாது’ என்று வாட்ஸ்அப்பில் ஒரே வரியில் முடித்துவிட்டார். யாரிடம் ‘இல்லை’ என்பது? போன வருஷம்வரை பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்ட நண்பரிடமா? ஆபீஸில் ‘சார்’ என்பவர், சாயங்காலம் மீன் மார்க்கெட்டில் ‘என்ன மாப்ளே’ என்பார். சின்ன ஊர். முகத்தைத் திருப்பிக்கொண்டு எங்கே போவது?

அரசு ஆபீஸ் என்றால் இன்னொரு சிக்கலும் உண்டு. தலைமைச் செயலகம் புதுச்சேரியில். மயிலாடுதுறை, கடலூர் மாவட்டங்களைத் தாண்டி சுமார் 130 கிலோமீட்டர். உத்தரவு அங்கிருந்து வரும். ‘ஏன் இப்படி?’ என்று கேட்கிற ஆள் இங்கே எதிரிலேயே நிற்பார்.

இந்த நடு நாற்காலி இந்தப் பக்கத்துக்குப் புதிதல்ல. 1739-ல் காரைக்கால் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது. அப்போதும் கவர்னர் இருந்தது பாண்டிச்சேரியில்தான். அந்த நிர்வாகத்தின் நடு நாற்காலியில் உட்கார்ந்தவர்களில் நமக்கு நன்றாகத் தெரிந்தவர் ஆனந்தரங்கப் பிள்ளை. 1747-ல் தலைமை துபாஷி ஆனவர். துபாஷி என்றால் இரண்டு மொழி பேசுகிறவர். வேலையும் அதுதான்: மேலே ஒரு பேச்சு, கீழே ஒரு பேச்சு.

கப்பலில் ஐரோப்பாவுக்கு அனுப்பத் துணி வேண்டும். கம்பெனி வியாபாரிகளுக்கு முன்பணம் கொடுக்கும். துணி குறைந்தால் கவர்னர் பிள்ளையைக் கேட்பார். தரமில்லை என்று துணி திரும்பி வந்தால் வியாபாரிகள் பிள்ளையிடம் வருவார்கள். கவர்னரின் கோபத்தை அப்படியே தமிழில் சொன்னால் வியாபாரி மறுநாள் வரமாட்டார். வியாபாரியின் பதிலை அப்படியே கவர்னர் காதில் போட்டால் பிள்ளை மறுநாள் இருக்கமாட்டார்!

இது போதாதென்று கவர்னர் துய்ப்ளேயின் மனைவிக்குத் தமிழ் தெரியும். பிள்ளையைப் பிடிக்காது. அவரைத் தாண்டிக் காரியம் சாதிக்க நினைத்தவர்களுக்கு அந்த வாசல் திறந்தே இருந்தது. உங்கள் டீமில் ஒருவர் உங்களை விட்டுவிட்டு நேராக மேலதிகாரியைப் பார்த்துவிட்டு வந்தால் எப்படி இருக்கும்? பிள்ளைக்கு அது தினப்படி.

1748-ல் ஆங்கிலேயர் பாண்டிச்சேரியை முற்றுகையிட்டிருந்த நேரத்தில், வேதபுரீஸ்வரர் கோயிலை இடிக்க உத்தரவு வந்தது. ஊர்ப் பெரியவர்கள் பிள்ளையிடம்தான் ஓடி வந்தார்கள். அவர்களுக்கு அவர் நம்ம ஆள். கவர்னருக்கும் அவர் நம்ம ஆள். இடிப்பை அவரால் தடுக்க முடியவில்லை. அன்றைய துயரத்தைத் தன் டைரியில் எழுதிவைத்தார். பதவியையும் விடவில்லை. சரியா தவறா என்று இன்று நாம் சுலபமாகச் சொல்லிவிடலாம். அன்று அந்த நாற்காலியில் இருந்தது நாம் இல்லையே.

பிள்ளையை உத்தமர் என்று தூக்கிப் பிடிக்க வரவில்லை. சொந்த வியாபாரம் உண்டு, போட்டியாளர்கள்மேல் எரிச்சல் உண்டு, தன் ஜாதகத்தின்மேல் அபார நம்பிக்கையும் உண்டு. ஆனால் 1736-லிருந்து சுமார் 25 வருஷம் அவர் எழுதிய டைரி இல்லையென்றால் அவர் மனதில் இருந்தது யாருக்குத் தெரிந்திருக்கும்? மேலேயும் சொல்ல முடியாது, கீழேயும் சொல்ல முடியாது. இன்றைக்கும் அதே கதைதான். ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப் ஒன்று இருக்கும். சூப்பர்வைசர் இல்லாத இன்னொரு குரூப்பும் இருக்கும். அது இருப்பது அவருக்கும் தெரியும்.

சரி, அந்த ஆறு லெட்டர்கள்? ‘மேலிடத்து உத்தரவு, நான் என்ன செய்ய’ என்று கையை விரிப்பது சுலபம். இரண்டு தடவை செல்லும். மூன்றாவது தடவை, ‘இவரிடம் கேட்டு என்ன பிரயோஜனம்’ என்று எல்லோரும் நேராக மேலிடத்துக்கே போய்விடுவார்கள். மேலே பேசும்போதும் ‘ஆட்கள் ஒத்துக்கமாட்டேங்கிறாங்க சார்’ என்பதைவிட, ‘மூன்று பேரை விடலாம், ஐந்து பேரை வைத்து இன்ன வேலையை முடிக்கிறேன்’ என்று கணக்கோடு சொன்னால் பேச்சு வேறு மாதிரி போகும்.

அந்த மூன்று பேர் யார் என்பதை மூடிய அறையில் முடிவு செய்யாமல், எல்லோரையும் உட்காரவைத்துப் பேசலாம். திருநள்ளாறு சனிப்பெயர்ச்சிக்கு லீவே எடுக்காமல் நின்றவருக்கு இந்தத் தடவை முதல் உரிமை. கந்தூரிக்கு லீவு வேண்டியவர் மாங்கனிக்கு நிற்கட்டும், வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவரும் அப்படியே. காரைக்காலில் பண்டிகைகளுக்கா பஞ்சம்? அப்படியும் ஒருவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். ஒரு வாரம் பேசமாட்டார். வற்புறுத்திச் சமாதானம் செய்யப் போகாமல் அந்த ஒரு வாரத்தை விட்டுக்கொடுப்பதும் இந்த வேலையில் சேர்த்திதான்.

லிஸ்ட் நோட்டீஸ் போர்டுக்கு வந்தாயிற்று. சூப்பர்வைசர் தன் பெயருக்கு நேரே ‘டியூட்டி’ என்று எழுதியிருக்கிறார். வீட்டில் இன்னும் சொல்லவில்லை.