பேனாக்கத்திக்குள் ஒரு குண்டூசி

போன ஐப்பசியில் ஒரு கல்யாணப் பந்தி. எதிர்வரிசையில் உட்கார்ந்திருந்த பெரியவரின் மூக்குக்கண்ணாடி பிரிந்துவிட்டது. ஒருபக்கக் காது தனியாகத் தொங்க, அதன் திருகாணி இலையோரம் அப்பளத்தடியில் கிடந்தது. என் சுவிஸ் பேனாக்கத்தியில் கார்க் திருகியின் சுருளுக்குள் ஒரு குட்டித் திருப்புளி இருக்கிறது. அதைக் கழற்றி மூன்று சுற்றில் மாட்டிக் கொடுத்தேன். பாயசம் வருவதற்குள் அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டுவிட்டார்.

1891-இல் சுவிஸ் ராணுவத்துக்குப் போன சிப்பாய்க் கத்தியில் இந்தக் கார்க் திருகி கிடையாது. துப்பாக்கியைப் பிரிக்கத் திருப்புளி, தகர டப்பா திறக்க ஒன்று, துளைபோட ஒன்று, ஓர் அலகு, அவ்வளவுதான். 1897 ஜூன் 12-இல் பதிவான அதிகாரிகள் கத்தியில்தான் அது சேர்ந்தது. மது தொடாதவர்களுக்கு எதற்கு என்று கேட்காதீர்கள். அந்தச் சுருளின் நடுவிலுள்ள காலியிடம்தான் இந்தக் கத்தியின் பரண்.

குட்டித் திருப்புளியைத் தவிர, புரியிலேயே கறுப்பு நூல் சுற்றிவைக்கலாம். ஒரு சட்டைப் பட்டனுக்கு இரண்டு முழம் போதும். சில மாடல்களின் கைப்பிடியில் குண்டூசி நுழைகிற அளவுக்கு ஒரு துளை உண்டு. பல்குத்தி இருக்கும் பள்ளத்தில் அதே பருமனில் தீப்பொறிக் கம்பி செருகிக்கொள்கிறார்கள் மலையேறுபவர்கள். கத்தியின் நீளம் 91 மில்லிமீட்டர். எதைச் சேர்த்தாலும் மடக்கினால் வெளியே துருத்தக் கூடாது. தனியாக ஒரு சிறு பை வைத்துக்கொண்டால் போதாதா என்பவர்கள் உண்டு. தேவைப்படும் நேரத்தில் பை வீட்டில் இருக்கும். தாலிச் சங்கிலியில் நாலு ஊக்கு கோத்துவைக்கும் நம் அத்தைகளுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆனால் துருவை நினைத்தால்தான் எனக்குப் பயம். கத்தி துருப்பிடிக்காத எஃகு. நாம் சேர்க்கும் ஊசி அப்படியல்ல. மேல்பூச்சு தேய்ந்ததும் கடற்காற்றும் சட்டைப்பை வியர்வையும் அதை அரித்துவிடும். போன மாதம் ஊரில் அக்கா மகன் காலில் கருவேல முள். சாமணத்துக்கு முனை சிக்கவில்லை. குண்டூசியை எடுக்கப் போனால் அது வர மறுத்தது. இடுக்கியால் இழுத்தபோது செம்பழுப்பாக வந்தது, விரலெல்லாம் பொடி. அதை வைத்தா அந்தப் பிள்ளையின் பாதத்தைக் கிளறப் பார்த்தேன் என்று உடம்பு நடுங்கியது. அக்கா புது ஊசியைச் சுடவைத்து முள்ளை எடுத்தாள்.

துருவால் ரணஜன்னி வருவதில்லை. அந்தக் கிருமி மண்ணிலும் சாணத்திலும் இருக்கிறது. காற்றுப் புகாத ஆழமான சின்னக் காயம்தான் அதற்குத் தோது. முள் குத்துவதும் அப்படிப்பட்ட காயம்தான், அழுக்கு ஊசியால் தோண்டுவதும் அப்படிப்பட்ட காயம்தான். வெளியே ஒரு சொட்டு ரத்தம்கூடத் தெரியாது என்பதால் நாம் அதைக் காயமாகவே எண்ணுவதில்லை.

இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஊசியை மாற்றிவிடுகிறேன். தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு தடவித் துடைத்துத்தான் துளைக்குள் விடுகிறேன். பட்டன் தைக்க அது போதும். தோலைத் தொடுவதென்றால் சோப்பும் நெருப்பும் முதலில்.

பிள்ளைகளுக்கு 10 வயதிலும் 16 வயதிலும் போடவேண்டிய ரணஜன்னித் தடுப்பூசியைப் போட்டாயிற்றா என்று பாருங்கள். பெரியவர்களுக்கு அது 10 ஆண்டுக்கு ஒருமுறை. நீங்கள் கடைசியாகப் போட்டது எந்த வருஷம் என்று நினைவுக்கு வரவில்லையென்றால், இந்த வாரமே டாக்டரிடம் போய்க் கேளுங்கள்.