எழுதி வாங்காத பாட்டு யாருக்குச் சொந்தம்?

2027 ஜனவரி 1ஆம் தேதி, 1926இல் வெளியான இசைத்தட்டுகளின் உரிமை அமெரிக்காவில் காலாவதியாகிறது. ‘அப்படியானால் அங்குள்ள பழங்குடிகளின் பழைய பாடல் பதிவுகளையும் இனி யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாமா?’ என்று வாசகர்கள் பலர் கேட்டு எழுதியிருக்கிறார்கள். முடியாது. அந்த நூறாண்டுக் கணக்கு வெளியான தட்டுகளுக்குத்தான். காப்பக அலமாரியிலேயே கிடந்த, வெளியிடப்படாத பதிவுகளுக்குக் கெடு 2067 பிப்ரவரி 15.

அந்தத் தேதி எங்கிருந்து வந்தது?

2018 அக்டோபரில் கையெழுத்தான இசை நவீனமயமாக்கல் சட்டத்திலிருந்து. 1972 பிப்ரவரி 15க்கு முந்தைய ஒலிப்பதிவுகள் அதுவரை மத்தியப் பதிப்புரிமைச் சட்டத்துக்குள் வரவே இல்லை. மாநிலத்துக்கு மாநிலம் வேறு விதி. புதிய சட்டம் அவற்றுக்கு மத்தியப் பாதுகாப்பு தந்தது. யாருக்கு? மாநில விதிப்படி ஏற்கெனவே உரிமையாளராக இருந்தவருக்கு. அவர் யார் என்பதை மட்டும் சட்டம் தீர்த்துவைக்கவில்லை.

சரி, யார்தான் உரிமையாளர்?

1890 மார்ச்சில் ஜெஸ்ஸி வால்டர் ஃபியூக்ஸ் என்ற ஆய்வாளர், எடிசன் போனோகிராஃபைத் தூக்கிக்கொண்டு மெய்ன் மாநிலத்தின் கேலஸ் ஊருக்குப் போனார். பாசமக்வாடி பழங்குடி மக்களைப் பாடவும் கதை சொல்லவும் வைத்து மெழுகு உருளைகளில் பதிந்தார். உலகின் முதல் களப்பதிவுகளாகக் கருதப்படுபவை இவை. ஓர் உருளையில் இரண்டு மூன்று நிமிடம்தான் பிடிக்கும். பிறகு ஒவ்வொரு முறை ஓடவிடும்போதும் ஊசி மெழுகைக் கொஞ்சம் சுரண்டும். தப்பிய 31 உருளைகள் ஹார்வர்டின் பீபாடி அருங்காட்சியகம் வழியாக இன்று அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் இருக்கின்றன.

இத்தகைய பதிவுகளுக்குக் காப்பகங்கள் காலங்காலமாகப் போட்டுவந்த கணக்கு எளிது. பாட்டு பரம்பரையாக வந்தது, ஆகவே பொது. பதிவோ கருவியைக் கொண்டுவந்தவருடையது. இரண்டிலும் பாடியவருக்கு இடமில்லை.

ஹோப்பி இனத்தைச் சேர்ந்த சட்டப் பேராசிரியர் டிரெவர் ரீட் இந்தக் கணக்கைத் தலைகீழாக்குகிறார். இசை ஆய்வாளர் லாரா போல்டன் 1940இல் பதிந்து, பின்னர் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போய்ச்சேர்ந்த ஹோப்பி பாடல்களை அவர் ஆராய்ந்தார். பழைய பொதுச்சட்டப்படி, வெளியிடாத படைப்பு கைமாற்றித் தரும்வரை படைத்தவரிடமே இருக்கும். பாடியவர்கள் எதையும் எழுதிக்கொடுக்காதபோது, உரிமை இன்னும் அவர்கள் பக்கமே, அவர்களுடைய இனத்திடமே, இருக்க வாய்ப்புண்டு என்பது அவர் வாதத்தின் சாரம். பழங்குடிதானே என்று அன்று ஒரு தாளில்கூடக் கையெழுத்து வாங்காமல் விட்ட அலட்சியம், இன்று அவர்களுக்கு வலுவான பிடியாகிறது.

காப்பகங்கள் பக்கமும் ஆயுதம் உண்டு. பொருளை நிபந்தனையின்றி விற்றவர் நகலெடுக்கும் உரிமையையும் சேர்த்தே விற்றதாகக் கொள்ளலாம் என்று 1942இல் நியூயார்க்கின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் ஓர் ஓவிய வழக்கில் தீர்ப்பளித்தது. ஆனால் பாடியவர் எதை விற்றார்? உருளை அவருடையதாக ஒருபோதும் இருந்ததில்லையே.

எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்தாயிற்று என்கிறார்களே?

அரசு மொழியில் ‘திருப்பிக் கொடுப்பது’ என்றால் நகலைக் கொடுத்து அசலை வைத்துக்கொள்வது. பழைய மெழுகு உருளைகளை நகலெடுக்க 1979இல் தொடங்கிய மத்திய உருளைத் திட்டத்தில் பழங்குடிகளுக்குப் போனவை கேசட்டுகள். 2018இல் காங்கிரஸ் நூலகம், சுத்தப்படுத்திய பதிவுகளைப் பாசமக்வாடி மக்களோடு சேர்ந்து இணையத்தில் வைத்தது. கூடவே அவர்கள் மொழியிலேயே ‘பாரம்பரிய அறிவு’ முத்திரைகளையும் குத்தியது. ‘இது விற்பனைக்கல்ல’ என்கிறது ஒன்று. பதிந்தவர் பெயரே கோலோச்சிய அட்டவணையில் பாடியவர்களின் இனம் தன் நிபந்தனையைச் சொல்ல இடம் கிடைத்தது பெரிய காரியம்தான். அதை உரிமை என்று கொண்டாடுவதுதான் மிகை.

முத்திரையை மீறினால் வழக்குப் போடலாமா?

முத்திரையை மட்டும் வைத்துப் போட முடியாது. அது வேண்டுகோள், சட்டமல்ல.

2024இல் உலக அறிவுசார் சொத்து அமைப்பு கொண்டுவந்த ஒப்பந்தம் உதவுமா?

உதவாது; அது மரபணு வளங்களும் அவை சார்ந்த அறிவும் காப்புரிமை விண்ணப்பங்களில் இடம்பெறுவதைப் பற்றியது.

இந்தியாவில் எப்படி?

1957ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒலிப்பதிவின் ‘ஆசிரியர்’ அதன் தயாரிப்பாளர். பாடியவருக்கு இருப்பது 50 ஆண்டு நிகழ்த்துநர் உரிமை.

2067க்குப் பிறகு?

பதிவுகள் எல்லோருக்கும் பொதுவாகிவிடும். ரீட்டின் வாதத்தை ஒரு நீதிமன்றம் ஏற்றாலும் அந்த உரிமை அதுவரைதான்; பிறகு பழங்குடிகளின் கையில் முத்திரை மட்டுமே மிஞ்சும்.