பிள்ளைப்பேற்றுப் பையில் முதலில் போகவேண்டியது

நள்ளிரவு கடந்து வைத்தியசாலை வாசலில் ஓர் ஓட்டோ வந்து நிற்கிறது. நோவோடு வந்த பெண்ணை இரண்டு பேர் தாங்கி இறக்குகிறார்கள். பின்னால் மாமியின் கையில் வீங்கிப்போன பை. இரண்டு சுடுதண்ணிப் போத்தல், ஓடிக்கொலோன், பவுடர், கொழும்பிலிருந்து வந்த பிள்ளை உடுப்பு, எல்லாம் உள்ளே இருக்கிறது. "கிளினிக் கொப்பியைத் தாங்கோ அம்மா" என்று மிஸி கேட்கிறா. மாமி மருமகளைப் பார்க்கிறா. "அது அலுமாரிக்கை கிடக்கு மாமி." தகப்பனாகப் போகிறவர் அதே ஓட்டோவில் திரும்பி ஓடுகிறார்.

இதை ஒரு தடவை கண்டிருந்தால் எழுதவே மாட்டேன். பார்த்துப் பார்த்து அலுத்துத்தான் எழுதுகிறேன். பை கட்டுவதென்றால் உடுப்பு அடுக்குவது என்று நினைத்திருக்கிறோம். உடுப்பை விடிந்த பிறகும் கொண்டுவந்து கொடுக்கலாம். கொப்பி அந்த நிமிடமே வேண்டும்.

குடும்பநல உத்தியோகத்தர் உங்களைப் பதிந்த நாளில் கையில் தந்த கர்ப்பிணிப் பதிவேட்டைத்தான் கிளினிக் கொப்பி என்கிறோம். இரவில் உங்களைப் பரிசோதிக்கும் டொக்டர் உங்களை முன்பின் கண்டிராதவராக இருக்கலாம். பிரஷர் எப்போது ஏறத் தொடங்கியது, சீனி இருந்ததா, இரத்தம் குறைவா, முந்திய பேறு சிசேரியனா, எந்த மருந்து ஒத்துவராது என்பதெல்லாம் அவருக்கு அந்தக் கொப்பியில்தான் தெரியும். குருதி இனம் நெகட்டிவ் ஆன தாய்க்குப் பொசிட்டிவ் பிள்ளை பிறந்தால் 72 மணித்தியாலத்துக்குள் அன்ரி-டி ஊசி போடவேண்டும். தவறினால் அடுத்த பிள்ளைக்கே ஆபத்து. தனியாரிடம் சனல் பண்ணி எடுத்த ஸ்கான் அறிக்கைகளும் கொப்பியோடு சேரவேண்டும். அவற்றை ஃபோனில் படம் பிடித்து வைத்திருக்கிறேன் என்பார்கள். சார்ஜ் இறங்கின ஃபோனால் ஆருக்கு என்ன பலன்?

ஏழாம் மாதம் முடிந்ததும் தண்ணீர் புகாத ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து, கொப்பி, இரத்தப் பரிசோதனை முடிவுகள், ஸ்கான் அறிக்கைகள், கணவன் மனைவி இருவரின் அடையாள அட்டை நகல், விவாகச் சான்றிதழின் நகல் எல்லாவற்றையும் அதற்குள் வையுங்கள். கிளினிக்குக்குப் போய்வந்த நாளிலேயே கொப்பி அந்த உறைக்குள் திரும்பிவிட வேண்டும். அலுமாரிக்குள் வைத்துப் பூட்டக்கூடாது. உறை எங்கே இருக்கிறதென்று வீட்டில் இன்னும் இரண்டு பேருக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

மற்றவை உங்களுக்குத் தெரிந்தவைதான்: முன்பக்கம் திறக்கும் சட்டைகள், பாட், செருப்பு, தோய்த்துக் காயவைத்த மெல்லிய பருத்தித் துணிகள். பிறக்க முதல் பிள்ளைக்குப் புதிது வாங்கக்கூடாது என்பவர்கள் பழைய வேட்டியைக் கிழித்துக் கொதிநீரில் அலசி வைத்தால் போதும். சூப்பிப் போத்தல் வேண்டாம், பிறந்த முதல் மணித்தியாலத்திலேயே தாய்ப்பால் கொடுக்க வேண்டும். நகைகளை வீட்டிலேயே கழற்றி வையுங்கள். நகப்பூச்சையும் அழித்துவிடுங்கள். சத்திரசிகிச்சை வந்தால் விரல்நுனியில்தான் ஒட்சிசன் அளவைப் பார்ப்பார்கள்.

இனிச் சொல்லப்போவதில்தான் அதிகம் பேர் அலைகிறார்கள். பிள்ளையின் பிறப்பைப் பிறந்த இடத்துக்குரிய பதிவாளரிடம்தான் பதியவேண்டும். வேலணைத் தாய்க்கு யாழ்ப்பாண நகரில் பிள்ளை பிறந்தால் பதிவு யாழ்ப்பாணத்தில். கிளிநொச்சித் தாய்க்கும் அப்படியே. ஊருக்குப் போய் விதானையாரைப் பிடிப்பதால் பலனில்லை, அவர் பிறப்புப் பதிவாளர் அல்லர். ஆகவே துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பும் நாளிலேயே, எந்தப் பதிவாளர், எந்த அலுவலகம், எந்த நாட்களில் இருப்பார் என்று வாட்டில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

மூன்று மாதத்துக்குள் பதியவேண்டும். அதற்குக் கட்டணம் இல்லை. மூன்று மாதம் கடந்தால் அது காலங்கடந்த பதிவு. பிறகு பிரதேச செயலகத்தில் மேலதிக மாவட்டப் பதிவாளர், பிரகடனப் படிவம், கிராம அலுவலர் அறிக்கை என்று அலையவேண்டும். துடக்குக் கழியட்டும், சாத்திரியார் பெயருக்கு எழுத்துச் சொல்லட்டும் என்று இருந்தே பலர் நாளைக் கடத்துகிறார்கள். முப்பத்தொண்டாம் நாள் துடக்குக் கழிந்த பிறகும் காலம் இருக்கிறது, ஆனால் அதன் பிறகும் ஆறப்போடாதீர்கள். பெயர் முடிவாகாவிட்டால் பெயரில்லாமலே பதிந்து பின்னர் சேர்க்கவும் சட்டத்தில் வழி உண்டு. திரும்பவும் சொல்கிறேன், மூன்று மாதம்.

விவாகச் சான்றிதழை ஏன் பையில் வைக்கச் சொன்னேன்? கோயிலில் தாலி கட்டி, விவாக எழுத்தைப் பிறகு பார்ப்போம் என்று விட்ட குடும்பங்கள் நம்மிடையே இருக்கின்றன. விவாகப் பதிவு இல்லாவிட்டால் தகப்பன் பெயரைத் தாய் மட்டும் போய்ப் பதியமுடியாது. இருவரும் சேர்ந்து கேட்டுக் கையொப்பமிட வேண்டும். தகப்பன் பிரான்சிலோ கனடாவிலோ இருந்தால் என்ன செய்வீர்கள்? பிள்ளை பிறக்க முதலே எழுத்தை முடியுங்கள்.

பெயரின் எழுத்துகளையும் ஒத்துப்பாருங்கள். அடையாள அட்டையில் ஒருவிதம், விவாகச் சான்றிதழில் இன்னொருவிதம் என்றால், அந்தப் பிழை பிள்ளையின் கடவுச்சீட்டு வரை தொடரும். பதிவாளர் எழுதிய படிவத்தைக் கையொப்பமிட முதல் ஆறுதலாக வாசியுங்கள். அவர் அவசரப்படுத்தினாலும் வாசியுங்கள்.

அதிகாரிகளிடமும் ஒன்று கேட்கிறேன். என்னென்ன கொண்டுவர வேண்டும் என்று ஒரு தாளில் தெளிவான தமிழில் அடித்து, ஒவ்வொரு கிளினிக் சுவரிலும் ஒட்டுவதற்கு எத்தனை ரூபா ஆகும்? தையல் ஆறாத தாயை "அது இல்லை, நாளைக்கு வாங்கோ" என்று திருப்பி அனுப்புகிறவர்கள் அந்தத் தாளை முதலில் ஒட்டட்டும்.

நெடுந்தீவுத் தாய்மாருக்கு இன்னொன்று. குறிகட்டுவானுக்குப் படகில் ஏறக்குறைய ஒரு மணித்தியாலம். கடல் கொந்தளித்தால் படகே இல்லை. நோவு வந்த பிறகு கடலை நம்பாதீர்கள். டொக்டர் சொன்ன திகதிக்கு முன்பே பையோடு இந்தப் பக்கம் வந்து உறவுகளின் வீட்டில் தங்குங்கள்.

இரத்தம் போனாலோ, தண்ணீர்க்குடம் உடைந்தாலோ, கண் மங்கித் தலை இடித்தாலோ, வலிப்பு வந்தாலோ, பிள்ளையின் துடிப்புக் குறைந்தாலோ விடியும்வரை பார்த்திருக்க வேண்டாம். 1990 அம்புலன்ஸ் 2018 முதல் வடக்கிலும் ஓடுகிறது, காசு இல்லை. அந்த இலக்கத்தை உறையின் மேலே பெரிதாக எழுதி ஒட்டுங்கள். ஏழாம் மாதம் கடந்தவர்கள் இன்றிரவே அலுமாரியைத் திறந்து விவாகச் சான்றிதழ் எங்கே கிடக்கிறதென்று பாருங்கள்.