டிரம்பெட்டா, டிரம்ஸா? குழந்தைக்கு முதல் பேண்டு வாத்தியம் வாங்கும் முன் பல்லைப் பாருங்க!

ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் வளரும் குழந்தைக்கு பேண்டு சத்தம் புதுசில்லை. மாதா கோயில் தேர், கல்யாண ஊர்வலம், பள்ளி விளையாட்டு விழா, சாவு ஊர்வலம் என ஏதோ ஒன்றில் டிரம்பெட்டும் டிரம்மும் காதில் விழுந்துகொண்டே இருக்கும். ஆறு, ஏழு வயதில் "எனக்கும் அது வேணும்" என்று கேட்கும்போதுதான் வீட்டில் குழப்பம். எதை வாங்குவது? எந்த வயதில்? பக்கத்து வீட்டுக்காரர் சும்மா இருப்பாரா?

இந்த ஏரியாவுக்கு இது 200 வருஷத்துக் கதை. திருவொற்றியூரை ஒட்டியுள்ள மணலியின் சின்னையா முதலியார் கிழக்கிந்தியக் கம்பெனியில் துபாஷ். அவர் ஆதரவில் இருந்த முத்துசாமி தீட்சிதரின் குடும்பம் புனித ஜார்ஜ் கோட்டையில் வெள்ளைக்காரர்களின் பேண்டைக் கேட்டது. அந்த மெட்டுகளுக்கு தீட்சிதர் பாட்டு கட்டினார். அவைதான் இன்றும் குழந்தைகளுக்குச் சொல்லித்தரப்படும் நோட்டுஸ்வரங்கள். அவருடைய தம்பி பாலுசாமிக்கு (1786-1858) முதலியார் ஓர் ஐரோப்பிய ஆசிரியரை வைத்து மூன்று வருஷம் வயலின் கற்றுக்கொடுத்தார். பையனுக்கு ஆர்வம், பக்கத்தில் ஒரு வாத்தியார். இன்றைக்கும் தேவைப்படுவது இந்த இரண்டும்தான்.

ஆனால் ஊதும் வாத்தியம் என்றால் மூன்றாவதாக ஒன்று சேர்ந்துகொள்ளும். குழந்தையின் உடம்பு.

பல், விரல், கழுத்து

டிரம்பெட்டின் வாய்முனை உதட்டில் அழுந்தி உட்காரும். உதட்டுக்குப் பின்னால் முட்டுக்கொடுப்பது மேல் வரிசை முன்பற்கள். பால் பல் விழுந்து அந்த இடத்தில் நிலையான பல் முளைப்பது 7-8 வயதில், அதற்குப் பக்கத்துப் பற்கள் 8-9 வயதில். நடுவில் ஓட்டையோடு இருக்கும் குழந்தையை ஊதச் சொன்னால் உதடு வலிக்கும், சத்தம் வராது, "எனக்கு வரலை" என்று ஒரே வாரத்தில் மூலையில் வைத்துவிடும். குறை குழந்தையிடம் இல்லை, காலண்டரில்!

எட்டு, ஒன்பது வயதில் ஆரம்பித்தால் கார்னெட்டையும் விசாரித்துப் பாருங்கள். டிரம்பெட் போலவே மூன்று வால்வு, அதே விரல் பழக்கம். ஆனால் குழாய் நெருக்கமாகச் சுருண்டிருப்பதால் எடை உடம்புப் பக்கமே நிற்கும், சின்னக் கை சீக்கிரம் சோர்ந்துபோகாது. பியூகிள் விலை குறைவு என்று அதை வாங்கிவிட வேண்டாம். அதற்கு வால்வு கிடையாது, சில ஸ்வரங்கள்தான் வரும். அணிவகுப்புக்குச் சரி, பாட்டுக்கு ஆகாது.

கிளாரினெட்டில் பிரச்சினை விரல். துளைகளை விரல் நுனி முழுசாக மூட வேண்டும், கொஞ்சம் காற்று கசிந்தாலும் 'கீச்' என்று கத்தும். மொத்த எடையும் வலது கட்டைவிரலில். கை வளரும் வரை பிளாஸ்டிக் ரெக்கார்டர் போதும், அதில் பழகிய விரல் கிளாரினெட்டுக்கு வரும்போது உதவும். சாக்ஸபோன் எல்லாக் குழந்தையும் ஆசைப்படும் வாத்தியம். ஆல்டோ சாக்ஸே சுமார் இரண்டரை கிலோ, கழுத்தில் தொங்கும். பத்து வயதுக்கு மேல் யோசிக்கலாம். 1994-ல் 'டூயட்' படத்தில் சாக்ஸபோனை வீட்டுக்கு வீடு கொண்டுசேர்த்த கத்ரி கோபால்நாத், நாதஸ்வரக் குடும்பத்துப் பிள்ளை. மைசூர் அரண்மனை பேண்டில் அந்தச் சத்தத்தைக் கேட்டு அதன் பக்கம் போனவர். சில குழந்தைகளுக்குச் சத்தம்தான் முதலில் பிடிக்கும், அதைத் தடுக்க முடியாது, தள்ளிப்போடத்தான் முடியும்.

அதுவரை? டிரம். பல்லும் வேண்டாம், மூச்சும் வேண்டாம். ஒரு ஜோடி குச்சியும் ஒரு ரப்பர் பிராக்டிஸ் பேடும் இருந்தால் ஐந்து, ஆறு வயதிலேயே தொடங்கலாம்.

லைன் வீட்டில் எங்கே வாசிப்பது?

ஒரே சுவரைப் பகிரும் வீடுகள். அப்பா துறைமுகத்திலோ எண்ணூர் பக்கத்து ஆலையிலோ நைட் ஷிஃப்ட் முடித்து பகலில் தூங்குவார். அதனால் வாத்தியத்துக்கு முன்னால் நேரத்தை முடிவு பண்ணுங்கள். சாயங்காலம் 15 நிமிஷம், மொட்டை மாடியில், தினமும். வாரத்தில் ஒருநாள் இரண்டு மணி நேரம் வாசிப்பதைவிட இது பலன் தரும். டிரம்பெட்டுக்கு பிராக்டிஸ் மியூட் கிடைக்கும். மூடிய சின்ன அறையில் முழு டிரம் செட் மட்டும் வேண்டாம், அக்கம்பக்கத்தாரை விடுங்கள், குழந்தையின் காதுக்கே ஆகாது.

இன்னொரு விஷயம் கடல் காற்று. உப்புக் காற்றில் பித்தளை மங்கும், ஸ்பிரிங்கும் ஸ்குரூவும் துருப்பிடிக்கும். வாசித்ததும் உள்ளே சேர்ந்த நீரை வடித்து, வியர்வையைத் துடைத்து, பெட்டியில் மூடி வைக்க வேண்டும். வால்வுக்கு எண்ணெய் தனியாக விடணும். முதல் கிளாரினெட் மரமாக இருக்க வேண்டாம். ஈரப்பதம் ஏறி இறங்கினால் மரம் வெடிக்கும், பிளாஸ்டிக் தாங்கும்.

"சாவு மேளம் அடிக்கப் போறியா?"

டிரம் வேண்டும் என்று கேட்ட குழந்தைக்குப் பல வீடுகளில் கிடைக்கும் பதில் இது. கீபோர்டு என்றால் பெருமை, பறை என்றால் தயக்கம். அந்தத் தயக்கத்துக்குப் பின்னால் இருப்பது சாதி, வாத்தியத்தின் தரம் அல்ல. வாசிக்கிற கண்ணோட்டத்தில் பார்த்தால் பறை ஒரு குழந்தைக்கு நல்ல பள்ளிக்கூடம். இரண்டு கையில் இரண்டு வகைக் குச்சி, இரண்டும் தனித்தனி வேலை செய்யணும், கால் அடவு போடணும். 2018 ஜனவரியில் மேடையேறிய 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவில் கிட்டார், டிரம்ஸுக்குப் பக்கத்திலேயே பறையும் நின்றது. அதில் பாடிய இசைவாணி ராயபுரத்துப் பெண். சின்ன வயதிலேயே அப்பாவிடமிருந்து இசையைப் பிடித்தவர், 2020-ல் பிபிசியின் 100 பெண்கள் பட்டியலில் இடம்பிடித்தார். தெருவிலேயே பறை சொல்லித்தர ஆள் இருக்கும்போது, வாத்தியாரே கிடைக்காத வாத்தியத்தை ஆன்லைனில் ஆர்டர் போடுவது வீண் செலவு.

வாங்கும்போதும் அவசரம் வேண்டாம். கலர் கலராக வரும் மலிவு விலை டிரம்பெட்டுகளில் வால்வு சிக்கிக்கொள்ளும், ரிப்பேருக்கு எடுத்துப்போனால் கைவிரிப்பார்கள். ஏரியாவில் உள்ள பேண்டு செட்காரரிடமோ பள்ளி பேண்டு மாஸ்டரிடமோ பழைய வாத்தியத்தைக் கொஞ்ச நாள் இரவலாகவோ வாடகைக்கோ கேட்டுப் பாருங்கள். வாய்முனை மட்டும் குழந்தைக்கென்று சொந்தமாக, புதுசாக வாங்கிக்கொள்ளலாம். வாரம் ஒருமுறை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவ வேண்டியதும் அதைத்தான்.